இரண்டு ஸ்பீக்கர், ஒரு மண்டபம்

எங்கள் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, முதலில் வந்து சேர்ந்தது மல்டிமீடியா என்ற சொல்தான். பெட்டிகளும் வயர்களும் அதற்கு வெகுகாலம் கழித்தே வந்தன. கொழும்புத் தலைமைக் கந்தோரின் சுற்றறிக்கை ஒன்றில் அந்தச் சொல் இருந்தது. தோட்டத் தொழிலாளர் பயிற்சியில் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று கண்டிப் பிரிவு ஒரு மூன்றாண்டுத் திட்டம் எழுதி அனுப்ப வேண்டுமாம். அப்போது எங்களிடம் இருந்த தொழில்நுட்பம் ஒரு கரும்பலகையும் ஒரு சிலைட் புரொஜெக்டரும். அந்தப் புரொஜெக்டருக்குத் தேயிலைச் செடியை வேர் மேலேயும் கொழுந்து கீழேயுமாகக் காட்டுவதில் தனிப் பிரியம் இருந்தது.

மேலாளர் சுற்றறிக்கையை வாசித்துவிட்டு என் மேசையில் வைத்து, இது உன் வேலை என்றார். அவர் சிங்களவர், நல்ல மனிதர், எதற்கும் அவசரப்படாதவர். நான் அதற்கு நேர்மாறு. அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்க மறந்து எழுதிக்கொண்டிருந்தேன். முதல் வருடம் வீடியோ, இரண்டாம் வருடம் தோட்டத்துக்கு ஒரு வீடியோ டெக்கும் டீவியும், மூன்றாம் வருடம் கம்பியூட்டர் என்று வெளுத்து வாங்கினேன். கம்பியூட்டரை நான் அதுவரை தொட்டதில்லை. அதற்காக அதைத் திட்டத்தில் சேர்க்காமல் விடுவேனா?

உண்மையில் என் மனம் முழுக்க இருந்தது கம்பியூட்டர் அல்ல, ஸ்பீக்கர். அதை விளங்க வேண்டுமானால் அந்தக் காலத்துக் கண்டியைச் சொல்ல வேண்டும். யுத்தம் வடக்கில்தான் நடந்தது, என்றாலும் எங்கள் ஊரில் தமிழ் பேசுவதற்கென்று ஓர் அளவான சத்தம் இருந்தது. யாரும் சட்டம் போடவில்லை. தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு தானாக வந்த பழக்கம் அது. கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் அம்மா என் காதுக்குள்தான் பேசுவார். கடைத்தெருவில் அப்பாவை யாராவது தமிழில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பாமல் நாலு எட்டு நடந்து, பிறகுதான் மெதுவாகத் திரும்புவார். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன களவா எடுத்தேன், ஏன் குசுகுசுக்க வேண்டும் என்று வீட்டில் சண்டை பிடிப்பேன். ஒரு பெரிய மண்டபத்தில், ஒரு பெரிய ஸ்பீக்கரில், சிங்களம் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறதோ அவ்வளவு சத்தமாகத் தமிழும் கேட்க வேண்டும். அதுதான் என் மூன்றாண்டுத் திட்டம். மீதியெல்லாம் அதற்குப் போட்ட சட்டை.

எனக்குக் கூட்டாளியாக வாய்த்தவர் எங்கள் கந்தோரின் எலக்ட்ரீஷியன். யாழ்ப்பாணத்துக்காரர், ரேடியோ, டீவி, மின்விசிறி எதைக் கொடுத்தாலும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் அண்ணை என்று திருத்துவார். அடுத்த தடவையும் நான் அண்ணே என்றுதான் சொல்வேன். அவரிடம் போய், ஒரே படத்தை இரண்டு மொழியில் காட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் திருத்த எடுத்து வைத்திருந்த ஒரு டெக்கைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"ஏலும் தங்கச்சி. இதில இடம், வலம் எண்டு ரெண்டு சத்தம் தனித்தனியாப் போகுது. இடத்தில சிங்களத்தைப் பதிவம், வலத்தில தமிழைப் பதிவம். ரெண்டு ஸ்பீக்கர். ஒரு படம், ரெண்டு வாய்."

எனக்குக் கை கால் ஓடவில்லை. மண்டபத்தின் இடப்பக்கம் சிங்களவர்களை இருத்துவது, அவர்கள் பக்கம் சிங்கள ஸ்பீக்கர். வலப்பக்கம் தமிழர்கள், அவர்கள் பக்கம் தமிழ் ஸ்பீக்கர். ஒரே நேரத்தில் ஒரே படம். இவ்வளவு லேசான விஷயம் உலகத்தில் இதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று நினைத்தேன். ஓடிப்போய் மேலாளரிடம் சொன்னேன். அவர் நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்து, எந்தத் தோட்டத்தில் என்று மட்டும் கேட்டார்.

அங்கேதான் சிக்கல். பரீட்சார்த்தத்துக்குத் தலைமைக் கந்தோர் தந்தது பன்வில பக்கத்துத் தோட்டம் ஒன்று. கலவரத்தில் அங்கே தொழிலாளர் குடியிருப்பான மேல் லயம் எரிந்திருந்தது. எரித்தது கீழ்க் கிராமத்து ஆட்கள் என்று சிலர் சொன்னார்கள். லொறியில் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று வேறு சிலர் சொன்னார்கள். எதுவானாலும், அதற்குப் பிறகு கிராமத்துச் சிங்களத் தொழிலாளரையும் லயத்துத் தமிழ்த் தொழிலாளரையும் தோட்ட நிர்வாகம் ஒன்றாக வைத்ததில்லை. கொழுந்து எடுக்கும் மலை வேறு, மேற்பார்க்கும் கங்காணி வேறு, கொழுந்து நிறுக்கும் நேரம்கூட வேறு. பயிற்சி என்று நாங்கள் போனாலும் ஒரு நாள் அவர்களுக்கு, மறுநாள் இவர்களுக்கு. இந்தத் தடவை அப்படிச் செய்ய வழியில்லை. ஜெனரேட்டரும் அதை ஏற்றிப்போகும் வானும் எங்களுக்கு ஒரு நாளுக்குத்தான் கிடைத்தன. இரண்டு நாள் வேலையை நிறுத்தவும் தோட்டத்துத் துரை சம்மதிக்கவில்லை.

துரை என்றால் தோட்டத்தின் பெரிய அதிகாரி. அவர் போனில் மேலாளரிடம் தெளிவாகவே சொல்லிவிட்டார், இரண்டு பக்கத்தையும் ஒரே மண்டபத்தில் இருத்தினால் அடிதடி வரும், வந்தால் பொறுப்பு உங்களுடையது என்று. மேலாளர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு சின்னச் சச்சரவு வந்தால்கூடத் திட்டத்துக்குத் தான் கையெழுத்து வைக்கப்போவதில்லை என்றார். கையெழுத்து இல்லாவிட்டால் பயிற்சியெல்லாம் கொழும்புக்குப் போகும். அங்கே உத்தியோகத்தர்களுக்கு இங்கிலீஷில் வகுப்பு நடக்கும். தோட்டத்தில் கூடை சுமக்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒரு சச்சரவும் வராது சேர் என்று நான் அடித்துச் சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

படத்தின் விஷயம் கொழுந்து கசங்காமல் தொழிற்சாலைக்கு வந்து சேர்வது. கொழுந்தைச் சாக்கில் திணித்தாலோ சாக்கை மிதித்தாலோ அது சூடேறிச் சிவந்துவிடும், பிறகு அதில் நல்ல தேயிலை வராது. படம் பிடிக்கக் கண்டியில் எங்களுக்கு அகப்பட்டவர் ஒரு கல்யாண வீடியோக்காரர். ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு மலையில் இரண்டு நாள் பிடித்தோம். முதல் நாள் பெண்கள் எல்லோரும் கோயிலுக்குக் கட்டும் சேலையும் தலை நிறையப் பூவுமாக வந்து நின்றார்கள். படம் பிடிக்கிறோம் என்றால் யார்தான் இடுப்பில் சாக்கு கட்டிக்கொண்டு வருவார்கள்? இரண்டாம் நாள் அண்ணை கேமராவைப் பற்றைக்குள் மறைத்து வைத்து, அவர்கள் மறந்துபோய் வேலை செய்ததைப் பிடித்தார். அதனால்தான் அசல் காட்சிகள் எல்லாம் கிடைத்தன. சாக்கு நிறையவில்லை என்று முழங்காலால் அமுக்கும் பெண்கள். லொறியில் கொழுந்துச் சாக்குகளின் மேல் ஏறிச் சொகுசாகக் குந்திக்கொண்டு போகும் ஆண்கள்.

வீடியோக்காரர் படத்தை வெட்டி ஒட்டிக் கொண்டுவந்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஒரு காட்சி முடிந்து அடுத்தது வரும் இடமெல்லாம் ரோசாப்பூ விரிந்தது. கொழுந்துச் சாக்கு ஒன்று இதய வடிவச் சட்டத்துக்குள் மெல்ல மிதந்து வந்தது. அவருக்குத் தெரிந்தது அதுதான், பாவம். அண்ணை சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப் பார்த்தார். பூவையெல்லாம் எடுக்க வைத்தோம். ஓர் இதயம் மட்டும் எப்படியோ தப்பிவிட்டது.

சிங்களக் குரல் மேலாளருடையது. தமிழ்க் குரல் என்னுடையது. கந்தோர் அலுமாரிகளுக்கு நடுவில் கம்பளி தொங்கவிட்டு, வெளியே பஸ் ஹோர்ன் அடிக்காத நேரம் பார்த்துப் பதிந்தோம். என் குரலை முதல் முதலாக ஸ்பீக்கரில் கேட்டபோது அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஜன்னலைத் திறந்துவிட்டு இன்னும் கூட்டுங்கள் என்றேன். அண்ணை கூட்டினார். கீழே தெருவில் போன ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டுமே.

அந்த நாள் வந்தது. மண்டபத்தில் யார் எங்கே இருக்க வேண்டும் என்று தாளில் படம் கீறித் துரைக்கு முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். கிராமத்தார் இடப்பக்கம், லயத்தார் வலப்பக்கம், நடுவில் ஒரு தாராளமான வழி. நாங்கள் ஒரு மணித்தியாலம் முந்திப் போய் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்வது என்பது ஏற்பாடு. வத்தேகமை தாண்டியதும் ராணுவக் காவலரணில் வானை மறித்தார்கள். உள்ளே இருந்ததோ சுருள் சுருளாக வயர், பற்றரி, ஜெனரேட்டர், பெயர் தெரியாத பெட்டிகள். போதாததற்கு யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக அடையாள அட்டை வைத்திருக்கும் ஓர் ஆள். எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள். அவ்வளவு நேரமும் பகிடி விட்டுக்கொண்டு வந்த அண்ணை வாயை மூடிக்கொண்டார். அவர் அப்படி நின்றதைப் பார்க்க எனக்குக் கோபமும் பயமும் வந்தன. மேலாளர் எவ்வளவோ விளக்கினார். கடைசியில் கசெட்டில் என்ன இருக்கிறது என்று போட்டுக் காட்டச் சொன்னார்கள்.

போட்டோம். நடுத்தெருவில் ஜெனரேட்டரை முடுக்கி, டீவியை வானின் படியில் வைத்து, ராணுவத்துக்குக் கொழுந்துச் சாக்கைப் பற்றி வகுப்பு எடுத்தோம். அவர்கள் முழுப் படத்தையும் பார்த்தார்கள். இதயம் வந்த இடத்தில் ஒருவன் மற்றவனை முழங்கையால் இடித்துச் சிரித்தான். பிறகு பெட்டிகளை ஏற்ற அவர்களே கைகொடுத்தார்கள். ஆனால் எங்கள் நேரமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். நான் படம் கீறி அனுப்பியபடி ஒருவரும் இருக்கவில்லை. எல்லோரும் எப்போதும் இருக்கிறபடி இருந்தார்கள். இடப்பக்கம் முழுக்கப் பெண்கள், வலப்பக்கம் முழுக்க ஆண்கள். கோயிலில் அப்படித்தான், கல்யாண வீட்டில் அப்படித்தான். கிராமத்தார் தங்கள் விகாரையான பன்சலையில் பண என்ற பிக்குவின் போதனை கேட்க இருப்பதும் அப்படித்தானாம். கங்காணி ஒருவர் நான் கீறிய படத்தைக் காட்டி மாறி இருக்கச் சொல்லியிருக்கிறார். ஆம்பிளைகளுக்கு நடுவில் போய் உட்காரச் சொல்கிறாயா என்று இரண்டு மொழியிலும் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறார். மாதக்கணக்கில் உட்கார்ந்து சிங்களம், தமிழ், இடம், வலம் என்று மண்டையை உடைத்த எனக்கு, பெண்கள் பெண்களோடுதான் இருப்பார்கள் என்பது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நானும் ஒரு பெண்தான், கோயிலுக்கும் போகிறவள்தான்.

ஸ்பீக்கரை மாற்றி வைக்கவா என்று அண்ணை கேட்டார். எப்படி மாற்றினாலும் பாதிப் பேருக்குப் புரியாத மொழிதான் போகும். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துரை வெளியே வராந்தாவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். போடுங்கள், வருவது வரட்டும் என்றேன்.

படம் ஓடியது. மேலாளரின் அமைதியான சிங்களம் பெண்கள் பக்கம் போனது, என் தமிழ் ஆண்கள் பக்கம் முழங்கியது. இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டு ஒன்றுமே விளங்காமல் போனது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு. முன்வரிசை வாங்கில் ஒரு தமிழ் அம்மாள், நாற்பது வயது இருக்கும், கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் லயத்துக்காரர், வீடு எரிந்தவர்களில் ஒருவர் என்று கங்காணி பிறகு சொன்னார். அவருக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது கிராமத்துச் சிங்களப் பெண், வெற்றிலை போட்ட வாய், நல்ல உடம்பு. அந்தப் பெண் திரையில் வருவதைத் தோட்டத்துத் தமிழில் அவருக்குச் சொல்லத் தொடங்கினார். முதலில் முகத்தைத் திருப்பாமல் சொன்னார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அப்போதுதான் லொறிக் காட்சி வந்தது. சாக்குகளின் மேல் ஆண்கள் காலை நீட்டிக் குந்திக்கொண்டு, ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டு, மலை இறங்குகிறார்கள். தமிழ் அம்மாள் எழுந்துவிட்டார்.

"பாத்தீங்களா எல்லாரும்? நாங்க பூ மாதிரி எடுத்துக் குடுக்குறோம். இவங்க அது மேல குந்திக்கிட்டுப் போறாங்க. கடைசியில கொழுந்து செவந்துருச்சுன்னு ஏச்சு நமக்கு."

சிங்களப் பெண்ணும் எழுந்து அதையே சிங்களத்தில், இன்னும் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொன்னார். பெண்கள் பக்கம் முழுதும் எழுந்தது. ஆண்கள் சும்மா இருப்பார்களா? கிராமத்து ஆள் ஒருவரும் லயத்து ஆள் ஒருவரும் சேர்ந்தே முன்னுக்கு வந்து, முதலில் வந்த காட்சியைத் திருப்பிப் போடச் சொன்னார்கள். அண்ணை திருப்பினார். சாக்கை முழங்காலால் அமுக்கும் பெண்கள் மறுபடி வந்தார்கள். இது யார் முழங்கால், நம்முடையதா என்று ஆண்கள் கூச்சல் போட்டார்கள். அதை நிறுத்தி லொறியைப் போடச் சொல்லிப் பெண்கள் கத்தினார்கள். அண்ணை முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டி ஓட்டி வியர்த்துப்போனார். மண்டபம் அதிர்ந்தது. மேலாளரின் குரலும் என் குரலும் இந்தச் சத்தத்துக்குள் எங்கோ கேட்டுக்கொண்டிருந்தன. ஒருவரும் எங்களைச் சட்டை செய்யவில்லை.

நான் போய் இரண்டு ஸ்பீக்கரின் சத்தத்தையும் அடியோடு குறைத்தேன். குறைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சிங்களமும் தமிழும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒருவரும் குரலைத் தாழ்த்தாமல், அப்படி ஒரு சண்டையை நான் கண்டியில் கேட்டதே இல்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. சந்தோஷத்தில்தான்.

சத்தம் கேட்டுத் துரை காவலாளியோடு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. யார் தொடங்கியது, கிராமமா லயமா என்று மேலாளரைப் பிடித்துக் கேட்டார். மேலாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மண்டபத்தைக் காட்டினார். துரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எந்தப் பக்கத்தைத் தடுப்பது என்று அவருக்கு விளங்கவில்லை.

சண்டை ஓயும்போது ஒரு தீர்ப்பும் வந்துவிட்டது. எங்களை ஒருவரும் கேட்கவில்லை. சாக்கின் மேல் ஆள் குந்தியிருந்தால் பெண்கள் லொறிக்குச் சாக்குக் கொடுக்கமாட்டார்கள். சாக்கு திணித்திருந்தால் ஆண்கள் அதைத் தூக்கமாட்டார்கள். துரை இதை எழுதிக்கொண்டு போய்விட்டார். என் படத்தில் இதைவிட அழகாகச் சொல்லியிருந்தேன், ஆனால் ஒருவரும் கேட்கவில்லையே.

மேலாளர் வானில் சாய்ந்துகொண்டு என் திட்டத்தைப் புரட்டினார். சச்சரவு வராது என்று சொன்னாயே என்றார். வந்துவிட்டது சேர் என்றேன். தலைமைக் கந்தோருக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டார். நடந்ததை அப்படியே எழுதுங்கள், சச்சரவு யாருக்கும் யாருக்கும் இடையில் என்பதையும் எழுதுங்கள் என்றேன்.  அவர் பேனையை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. அவர் மேலாளராகப் போய்விட்டதால் தப்பினார்.

நாங்கள் வயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தமிழ் அம்மாள் மண்டபத்துக்குத் திரும்பி வந்தார். கூடவே அந்தச் சிங்களப் பெண்ணும் வந்தார். இருவரும் வாசற்படியில் நின்று, யார் சொல்வது என்று ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். கடைசியில் தமிழ் அம்மாள்தான் சொன்னார்.

"மிஸ், படம் நல்லாத்தான் இருக்கு. அடுத்த தடவ பேசாத படமாக் கொண்டாங்க. பேசுறத நாங்க பாத்துக்கிறோம்."

சிங்களப் பெண் ஆமாம் என்று தலையாட்டினார். கொழுந்து நிறுக்க நேரமாகிவிட்டதென்று இருவரும் ஒன்றாகவே இறங்கிப் போனார்கள்.

அண்ணை கசெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்கட குரலையும் அழிக்கவோ, தங்கச்சி?" என்றார்.

அதை முதலில் அழியுங்கள் என்றேன்.